31 மில்லியும் மிச்சக் குழாயும்

பச்சிளங்குழந்தைகளின் இதய அறுவையில் நுரையீரலுக்குப் பதிலாக ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்றும் பெட்டியான ஆக்சிஜனேட்டர் பற்றிய எந்தக் கையேட்டைப் பிரித்தாலும் ஒரு எண் கொட்டை எழுத்தில் நிற்கும். கிட்ஸ் டி100 என்றால் 31 மில்லி. டெருமோவின் எஃப்எக்ஸ்05 என்றால் 43. மெட்ட்ரானிக்கின் பிக்ஸி என்றால் 48. அந்தப் பெட்டி நிரம்ப எவ்வளவு திரவம் பிடிக்கும் என்பதைச் சொல்லும் எண் அது. துறையில் பிரைம் என்பார்கள். வாங்குகிறவர் முதலில் பார்ப்பது இதை. விற்கிறவர் கடைசிவரை பேசுவதும் இதை. இந்த எண் இறங்க இறங்க, அறுவையின்போது இதயத்துக்கும் நுரையீரலுக்கும் பதிலாக ஓடும் ஹார்ட்-லங் மெஷினும் சிறுத்துக்கொண்டே வருகிறது என்ற நம்பிக்கை எப்படியோ நிலைத்துவிட்டது. எனக்கு அதில் வெகுநாளாக உடன்பாடில்லை. 43-ஐ 31 ஆக்கினால் மிச்சம் 12 மில்லி. கால் இஞ்ச் டியூபில் 38 சென்டிமீட்டரை வெட்டி எறிந்தாலும் மிச்சம் அதே 12 மில்லிதான். முன்னதற்குத் தொழிற்சாலை வேண்டும், பின்னதற்குக் கத்திரிக்கோல் போதும்.

அந்த 31-இல், குழந்தைக்குத் திரும்பும் ரத்தத்திலிருந்து குமிழியையும் துகளையும் பிடிக்கும் ஆர்டீரியல் ஃபில்டர் சேரவில்லை என்பதும் ஒரு விஷயம். டி100-க்கு ஜோடியாக வரும் டி130 ஃபில்டர் 16 மில்லி பிடிக்கும். கூட்டினால் 47. எஃப்எக்ஸ்05-இல் வாயு ஓடும் நுண்குழல்களான ஃபைபர் கட்டைச் சுற்றியே 32 மைக்ரான் வலை போர்த்தியிருப்பதால் தனி ஃபில்டர் வேண்டாம். 43 என்றால் 43தான். இடையில் போடவேண்டிய துண்டுக் குழாயும் கனெக்டர்களும்கூட மிச்சம். கையேட்டில் தோற்றது ஆபரேஷன் தியேட்டரில் ஜெயிக்கிறது. டி100 மட்டம் என்று சொல்ல வரவில்லை. 2 கிலோ குழந்தைக்கு அதன் 0.22 சதுர மீட்டர் பரப்பு பெரிய அனுகூலம். ரத்தம் உரசிப் போகும் அந்நியப் பரப்பு சிறுக்கச் சிறுக்க அழற்சிக்கான தூண்டுதலும் சிறுக்கும். ஆனால் நிமிடத்துக்கு 700 மில்லிக்கு மேல் அது தராது. 4 கிலோ குழந்தையைத் திரும்பச் சூடேற்றும் கட்டத்தில் கிலோவுக்கு 175 மில்லி கேட்டாலே தலை கூரையில் இடித்துவிடும். எடைக்குச் சரியாகப் பொருந்தும் பெட்டியைவிட, கொஞ்சம் நெளிய இடமுள்ள பெட்டியே நல்லது.

நீர்மோர்க் கணக்கு

இந்தப் பன்னிரண்டு மில்லிக்கு ஏன் இத்தனை அடிதடி? ஒரே ஒரு குழந்தையைக் கணக்கில் எடுத்தால் விளங்கிவிடும். எடை 3 கிலோ. கிலோவுக்கு 85 மில்லி என்று வைத்தால் உடம்பு முழுக்க ஓடும் ரத்தம் 255 மில்லி. ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கான ஹிமாடோக்ரிட் 45 சதவீதம் என்றால் அதில் சிவப்பணு 115 மில்லி. கையில் இருக்கும் முதல் இவ்வளவுதான். பெரியவர்களுக்கு உடம்பில் 5 லிட்டர் ரத்தம், சர்க்யூட்டில், அதாவது இயந்திரமும் குழாய்களும் சேர்ந்த வளையத்தில், ஒன்று ஒன்றரை லிட்டர் திரவம். ஒரு பானை மோரில் ஒரு செம்புத் தண்ணீர் விட்ட மாதிரி, மோர் மோராகவே இருக்கும். குழந்தைக்கும் அதே பாணியில் சர்க்யூட் கட்டி 400 மில்லி நிரப்பினால் 115-ஐ 655-ஆல் வகுக்க வேண்டும். ஹிமாடோக்ரிட் 17.5. 700 மில்லி என்றால் 12. அது நீர்மோர்கூட இல்லை, மோர்ப்பானை கழுவிய தண்ணீர். 200-க்கு இறக்கினால் 25 வரும். 100-க்கு இறக்கினால் 32.

எவ்வளவு தண்ணீராகலாம் என்பதற்குப் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனைக் குழு 2003-இல் வெளியிட்ட ஆய்வு ஒரு எல்லைக்கல் நட்டது. பம்ப்பில் இருக்கும்போது 20 சதவீதத்தையொட்டி இறக்கப்பட்ட குழந்தைகளையும் 30-ஐயொட்டி வைக்கப்பட்ட குழந்தைகளையும் ஒப்பிட்டார்கள். ஒரு வயதில் பார்த்தபோது முதல் கூட்டம் உடலியக்க வளர்ச்சி மதிப்பெண்ணில் பின்தங்கியிருந்தது. அதன்பின் 20 போதும் என்று அலட்சியமாகச் சொல்வது கஷ்டமாகிவிட்டது. இயந்திரம் 400 மில்லி கேட்டால் பிறர் ரத்தம் ஊற்றித்தான் தீர வேண்டும். 655 மில்லியில் 30 சதவீதம் வேண்டுமானால் 197 மில்லி சிவப்பணு தேவை, குழந்தையிடம் இருப்பது 115, பாக்கி 82. பிளாஸ்மா நீக்கிச் செறிவாக்கிய பேக்டு செல் பையில் 60 சதவீதம் சிவப்பணு என்று கொண்டால் 135 மில்லிக்கு மேல் ஊற்ற வேண்டும். அப்போது குழந்தைக்குள் ஓடும் சிவப்பணுக்களில் 40 சதவீதத்துக்கு மேல் வேறொருவருடையது. கூடவே அந்தப் பையில் தேங்கிய பொட்டாசியம், லாக்டேட், கால்சியத்தைக் கட்டிப்போடும் சிட்ரேட் எல்லாம் வரும். பிறந்த குழந்தையின் இதயத் தசை தன் உள்ளிருப்புக் கால்சியத்தை நம்பி ஓடுவதில்லை, ரத்தத்தில் உள்ள கால்சியத்தை நம்பி ஓடுகிறது. சரிசெய்யாத பிரைம் உள்ளே போன நிமிடமே அது துவண்டுவிடும். அதனால்தான் ரத்தம் விட்ட பிரைமை, குழந்தையோடு இணைப்பதற்கு முன்பே, நீரையும் கரைந்த உப்புகளையும் பிழிந்தெடுக்கும் அல்ட்ராஃபில்டரில் சுற்றவிட்டுக் கழுவுகிறார்கள். கால்சியமும் பொட்டாசியமும் என்ன காட்டுகின்றன என்று பார்த்துவிட்டுத்தான், குழாயை நெரித்து வைத்திருக்கும் கிளாம்ப்பை எடுக்கிறார்கள்.

இந்தக் கணக்கில் இன்னொரு சூட்சுமம் உண்டு. 400 மில்லி சர்க்யூட்டில் 10 மில்லியைக் குறைத்தால் ஹிமாடோக்ரிட் கால் புள்ளி ஏறும். 100 மில்லி சர்க்யூட்டில் அதே 10 மில்லியைக் குறைத்தால் ஏறக்குறைய ஒரு புள்ளி ஏறும். சிறிதாக ஆக ஆக, மிச்சமாகும் ஒவ்வொரு மில்லிக்கும் மதிப்புக் கூடுகிறது. ஆகவே 90-இல் இருப்பவர் 80-க்கு ஆசைப்படுவதை வெறும் சாதனை வெறி என்று தள்ளிவிட முடியாது. அந்தக் கடைசிப் பத்துக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பதுதான் கேள்வி.

அப்பா படுத்திருந்த மேசை

வேடிக்கை என்னவென்றால், குழந்தைகளுக்கான மிகச் சிறிய ஹார்ட்-லங் மெஷின் ஆரம்பத்திலேயே வந்துவிட்டது. 1954 மார்ச் 26 அன்று மினசோட்டா பல்கலைக்கழகத்தில் வால்டன் லில்லிஹை, இதயத்தின் கீழறைகளுக்கு இடையே ஓட்டையுள்ள ஒரு வயதுக் குழந்தையை ஒரு மேசையிலும் அதன் அப்பாவைப் பக்கத்து மேசையிலும் படுக்கவைத்தார். நடுவில் சிக்மாமோட்டார் பம்ப் ஒன்று, கொஞ்சம் குழாய். குழந்தையின் அசுத்த ரத்தம் அப்பாவின் சிரைக்குள் போனது. அவர் நுரையீரலில் சுத்தமாகி, அவர் தமனியிலிருந்து குழந்தைக்குத் திரும்பியது. ஓட்டை அடைபட்டது, ஆனால் குழந்தை 11 நாள் கழித்து நிமோனியாவில் இறந்துபோனது. இந்த முறையில் மொத்தம் 45 பேருக்கு அறுவை செய்தார்கள், 28 பேர் பிழைத்து வீடு திரும்பினார்கள். ஒரே அறுவையில் இரண்டு உயிர் போகக்கூடிய ஏற்பாடு என்று ஏசினவர்கள் உண்டு. ஆனால் சர்க்யூட் என்ற கண்ணோடு பார்த்தால் அதற்கு இணை இன்றுவரை இல்லை. நிரப்பவேண்டியது குழாய் மட்டும். ஆக்சிஜனேட்டர், ரத்தத்தைச் சூடேற்றிக் குளிர்விக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சர், ஃபில்டர், ரத்தம் தேங்கும் தொட்டியான ரிசர்வாயர் எல்லாம் அப்பாவே.

1955-இல் டிவால்-லில்லிஹை குமிழி ஆக்சிஜனேட்டர் வந்ததும் அப்பாக்களுக்கு வேலை போயிற்று. அடுத்த சில பத்தாண்டுகள் இயந்திரங்கள் பெரியவர்களின் அளவிலேயே வளர்ந்தன. குழந்தைகளுக்கு மாற்றுவழி தேடினார்கள். ஆக்லாந்தில் பாரட்-பாய்ஸ் 1960களின் கடைசியில் செய்து காட்டியதுபோல, கைக்குழந்தையை 20 டிகிரி அளவுக்குக் குளிரவைத்து, ரத்த ஓட்டத்தையே நிறுத்திவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் இதயத்தைத் தைத்து முடிப்பது. கையகல நெஞ்சுக்குள், ரத்தம் எடுக்கவும் கொடுக்கவும் செருகும் குழாய்களான கேனுலாக்கள் இடைஞ்சல் செய்யாது என்பது அதில் ஒரு லாபம். இயந்திரத்தோடு குழந்தை இருக்கவேண்டிய நேரம் குறையும் என்பது இன்னொன்று.

இயந்திரம் எழுந்து பக்கத்தில் வந்தது

நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இந்தக் கட்டத்தைத்தான். பல வருஷங்களாக ஆக்சிஜனேட்டரை இளைக்கவைத்துக்கொண்டிருந்தார்கள்; ஆனால் சர்க்யூட்டின் கனத்தைத் தீர்மானித்தது ஆக்சிஜனேட்டர் இல்லை, உயரம். சிரை ரத்தம் இயந்திரத்துக்கு வருவது தோட்டத்துத் தொட்டியில் ஹோஸ் போட்டுத் தண்ணீர் இறக்குவது போலத்தான்: ரிசர்வாயர் இதயத்துக்கு 40 முதல் 60 சென்டிமீட்டர் கீழே இருந்தால்தான் சைஃபன் இழுக்கும். ஆகவே ரிசர்வாயர் தரையை ஒட்டி உட்கார்ந்தது. பம்ப் தலைகள் நாலைந்து, கன்சோலின் மேல் வரிசையாக அசையாமல் பொருத்தப்பட்டிருந்தன. மேசையைச் சுற்றி அறுவை மருத்துவர், உதவியாளர், கருவித் தட்டோடு நர்ஸ். கன்சோலுக்கு மூன்றாம் வரிசையில்தான் இடம். ரத்தம் மேசையிலிருந்து இறங்கி, தரைக்கு வந்து, பம்ப்புக்கு நகர்ந்து, ஆக்சிஜனேட்டருக்குத் திரும்பி, மறுபடி மேசைக்கு ஏறவேண்டும். ரத்தம் வரும் வெயின் லைன் 1.8 மீட்டர், திரும்பும் ஆர்டீரியல் லைன் 1.8 மீட்டர், பம்ப்புக்குப் போக வர 1 மீட்டர் என்று தாராளமில்லாமல் வைத்தாலே 4.6 மீட்டர். கால் இஞ்ச் டியூப் மீட்டருக்கு 31.7 மில்லி பிடிக்கும். குழாய் மட்டும் 146 மில்லி. இதன் நடுவில் 43-ஐ 31 ஆக்கி என்ன பயன்?

இரண்டு காரியங்கள் சேர்ந்து இந்த முடிச்சை அவிழ்த்தன. ஒன்று, பம்ப் தலை கன்சோலை விட்டுக் கழன்றது. ஒரு கம்பத்தின் கையில், உருளைகளால் குழாயை நசுக்கி ரத்தம் தள்ளும் ரோலர் பம்ப்பை மாட்டி, வேண்டிய கோணத்தில் திருப்பி, ஆக்சிஜனேட்டரின் வாய்க்கு நேரே நிறுத்தலாம். கன்சோலுக்கும் அதற்கும் இடையே மின் கேபிள் மட்டும். கேபிள் எவ்வளவு நீளமானால் என்ன, அதற்குள் ரத்தம் இல்லையே! மற்றது, 1990களின் கடைசியிலிருந்து பரவிய வெற்றிட உறிஞ்சல். ரிசர்வாயரை மூடி, சுவரில் உள்ள வேக்குவத்தை ரெகுலேட்டர் வழியாக மெல்லக் கொடுப்பது. 40 சென்டிமீட்டர் ரத்தத் தூணின் இழுப்பு ஏறக்குறைய 31 மி.மீ. பாதரசம். மைனஸ் 30 வேக்குவம் கொடுத்தால் அந்த 40 சென்டிமீட்டர் தேவையற்றுப் போகிறது. ரிசர்வாயர் தரையிலிருந்து எழுந்து குழந்தையின் மட்டத்துக்கே வரலாம். மைனஸ் 40-ஐத் தாண்ட வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது. வந்தால் வேக்குவத்தைக் கூட்டுவதற்கு முன் கேனுலா எங்கே மடங்கியிருக்கிறது என்று பார்ப்பது உத்தமம்.

இப்போது கூட்டிப் பார்ப்போம். வெயின் லைன் 3/16 இஞ்ச், 50 சென்டிமீட்டர்: 9 மில்லி. ரிசர்வாயரின் அடியில் 15. பம்ப்பில் ஓடும் துண்டையும் சேர்த்து ஆக்சிஜனேட்டர் வரை 60 சென்டிமீட்டர்: 11. ஃபில்டரோடு ஆக்சிஜனேட்டர் 43. ஆர்டீரியல் லைன் 60 சென்டிமீட்டர்: 11. மொத்தம் 89. வெயின் லைனை நிரப்பாமல் காலியாக விட்டே தொடங்கலாம். வேக்குவம் இருப்பதால் சைஃபனுக்காக நிரம்பியிருக்க வேண்டியதில்லை. பெர்லினில் உள்ள ஜெர்மன் இதய மையத்தின் குழு 100 மில்லியையொட்டிய சர்க்யூட்டுகளோடு பச்சிளங்குழந்தைகளையே பிறர் ரத்தமில்லாத பிரைமில் ஏற்றிக் காட்டியது. ஜப்பானில் கிடாசாடோ பல்கலைக்கழகத்தார் 140 மில்லியில் கைக்குழந்தைகளுக்கு அதையே செய்தார்கள். இவர்கள் சுருக்கியது முக்கியமாகத் தூரத்தை. இயந்திரத்தை ஓட்டும் பெர்ஃப்யூஷனிஸ்ட் இப்போது கிட்டத்தட்ட அறுவை மருத்துவரின் முழங்கைக்குக் கீழே உட்கார்கிறார். மயக்க மருந்துக்காரர்களின் இடத்தில் அரை அடி பறிபோகிறது. எந்த ஸ்டாண்டு எங்கே நிற்கும், எந்தத் துணிக்குக் கீழே எந்த லைன் வரும் என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளாத வரை, மிகச் சிறிய ஆக்சிஜனேட்டரை வாங்கி வைத்தும் ஒன்றும் ஆகாது.

இயந்திரத்தின் வழியாக ரத்தம் ஓட்டுவதைப் பைபாஸ் என்பார்கள். பெரியவர்களுக்கான மினி பைபாஸ் என்பது வேறு ஜாதி. அதில் ரிசர்வாயரையே எடுத்துவிட்டு மூடிய வளையமாக ஓட்டுவார்கள். குழந்தையின் இதயத்தைத் திறந்துவைத்து வேலை செய்யும்போது, பக்கக் குழாய்கள் வழியாகத் திரும்பும் ரத்தம் நெஞ்சுக்குள் வந்துகொண்டே இருக்கும். அதை உறிஞ்சி எங்காவது ஊற்றியாக வேண்டும். ரிசர்வாயரைச் சின்னதாக்கலாம், இல்லாமலாக்க முடியாது.

மூன்று வீசம்

நம் பழைய கீழ்வாய் இலக்கத்தில் 1/8 அரைக்கால், 3/16 மூன்று வீசம். பச்சிளங்குழந்தை சர்க்யூட் முழுவதும் கால், மூன்று வீசம், அரைக்கால் என்ற மூன்று அளவுகளுக்குள் நடக்கும் பேரம். காலிலிருந்து மூன்று வீசத்துக்கு இறங்கினால் மீட்டருக்கு 31.7 மில்லி 17.8 ஆகிறது. எதிர்ப்பு 3.2 மடங்காகிறது, ஆரம் சுருங்கும்போது எதிர்ப்பு அதன் நாலாம் மடியில் ஏறுவதுதான் காரணம். அரைக்காலுக்குப் போனால் 7.9 மில்லிதான், ஆனால் எதிர்ப்பு காலைப்போல் 16 மடங்கு. நிமிடத்துக்கு 500 மில்லி ஓட்டத்தில், தண்ணீராக்கிய ரத்தத்தின் பிசுபிசுப்பை வைத்துக் கணக்குப் போட்டால், 60 சென்டிமீட்டர் அரைக்கால் குழாய் மட்டுமே சுமார் 45 மி.மீ. பாதரசம் தின்னும். ஆர்டீரியல் பக்கத்தில் இதைப் பம்ப் தாங்கிக்கொள்ளும். 6 மில்லி மிச்சம். வெயின் பக்கத்தில் இதே குழாயைப் போட்டால் கையிலிருக்கும் வேக்குவம் முழுவதையும் குழாயே சாப்பிட்டுவிடும், குழந்தையிடமிருந்து ரத்தம் வராது. மெல்லிய குழாய் தள்ளும் பக்கத்துக்கு, சற்றே தடித்தது இழுக்கும் பக்கத்துக்கு.

ரோலர் பம்ப்புக்குள் போகும் துண்டுக்கு வேறு சங்கடம். வழக்கமான 6 இஞ்ச் தலையில் கால் இஞ்ச் டியூப் ஒரு சுற்றுக்கு 13 மில்லி தள்ளும், மூன்று வீசம் 7 மில்லி. 500 மில்லிக்கு முன்னது 38 சுற்று, பின்னது 71 சுற்று. ஒரு சுற்றில் இரண்டு ரோலர் நசுக்குவதால் நிமிடத்துக்கு 142 நசுக்கல். இரண்டு மணி நேரத்தில் 17,000. ஒரே இடத்தை அத்தனை முறை நசுக்கினால் உட்சுவரிலிருந்து பொடி உதிரும். ஆகவே நசுக்கலின் இறுக்கத்தை ஒவ்வொரு அறுவைக்கும் முன் புதிதாக வைக்க வேண்டும்: பம்ப்பின் வெளிவாயில் ஒரு மீட்டர் உயரத்துக்குத் திரவத் தூணை நிறுத்தி, பம்ப்பை ஓட்டாமல் விட்டால், அது நிமிடத்துக்கு 2.5 சென்டிமீட்டர் அளவில் மெல்ல இறங்க வேண்டும். ஒரு ரோலரில் பார்த்தால் போதாது, மற்றதிலும் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே மாதிரி இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. தளர்வாக இருந்தால் கன்சோல் 500 என்று காட்டும், குழந்தைக்குப் போவது குறைவாக இருக்கும். பெரியவர்களுக்கு 5 லிட்டரில் 50 மில்லி கசிந்தால் யாருக்கும் தெரியாது. இங்கே அது பத்தில் ஒன்று. திரையில் வரும் சுற்றுக் கணக்கை நம்பாமல் ஆர்டீரியல் லைனிலேயே ஒரு ஃப்ளோ புரோபைக் கவ்வவிடுவது நல்லது.

அளவு மாற்றும் கனெக்டர்களையும் சும்மா விடக்கூடாது. காலிலிருந்து மூன்று வீசத்துக்கு இறங்கும் ஒவ்வொரு படியும் காற்றுக்குமிழிகள் உட்கார்ந்து இளைப்பாறும் திண்ணை. பிரைம் செய்யும்போது தட்டித் தட்டி எழுப்பாவிட்டால், வேகம் கூட்டும் நேரம் பார்த்து அவை கிளம்பும்.

1.8 வினாடி

குழாயைக் குறுக்கி மில்லியை மிச்சம் பிடித்தோம். எதைக் கொடுத்து? 500 மில்லி ஓட்டம் என்றால் வினாடிக்கு 8.3 மில்லி. ரிசர்வாயரின் அடியில் 15 மில்லி வைத்து ஓட்டினால், சிரை ரத்தம் திடீரென்று நின்றுபோன கணத்திலிருந்து ரிசர்வாயர் காலியாக 1.8 வினாடி. பெரியவர்களின் பம்ப்பில் 5 லிட்டர் ஓட்டத்துக்கு 300 மில்லி மட்டம் வைத்தால் 3.6 வினாடி கிடைக்கும். நடைமுறையில் அதைவிடத் தாராளமாகவே வைப்பார்கள். சிரை ரத்தம் நிற்கப் பெரிய விபத்து ஏதும் வேண்டாம். பின்புறம் பார்க்க மருத்துவர் இதயத்தைக் கொஞ்சம் தூக்கினால் போதும்; 12 ஃப்ரெஞ்ச், அதாவது 4 மி.மீ. தடிமனுள்ள கேனுலாவின் நுனியில் சிரையின் சுவர் ஒட்டிக்கொள்ளும். லெவல் சென்சார் அலறுவதற்கும் கை பம்ப்பின் குமிழைத் தொடுவதற்கும் நடுவே அந்த 1.8 வினாடி தீர்ந்துவிடும். அதனால் சென்சார் வெறுமனே கத்தாமல், மட்டம் இறங்கும்போதே பம்ப்பைத் தானாக மெதுவாக்கும்படி இணைக்க வேண்டும். ஒரேயடியாக நிறுத்துவது அதற்கும் கீழே, கடைசிக் கோட்டில்.

இந்த நேரத்தில் ஒரு பாட்டில் திரவத்தைத் திறந்து ஊற்றுவது மிகச் சுலபம். மட்டம் ஏறும், அலாரம் அடங்கும், எல்லோருக்கும் மூச்சு வரும். 20 மில்லி ஊற்றினால் ஹிமாடோக்ரிட் ஒன்றரைப் புள்ளிக்கு மேல் இறங்கியிருக்கும். ஒரு மணி நேரத்தில் நான்கு தடவை இப்படி நடந்தால், வெட்டி எறிந்த குழாயெல்லாம் பாட்டில் வழியாகத் திரும்பி வந்துவிட்டது. முதலில் ஓட்டத்தைக் குறை, மேசையைக் கேள், கேனுலாவைச் சரிசெய்யச் சொல், ஊற்றுவது கடைசி. சொல்வது எளிது. 1.8 வினாடியில் அதைச் செய்யக் கைக்குப் பழக்கம் வேண்டும்.

வேக்குவத்துக்கும் அதற்கே உரிய வினைகள் உண்டு. ரிசர்வாயர் மூடியிருக்கிறது, உறிஞ்சுகுழல்களான சக்கர்கள் நெஞ்சிலிருந்து ரத்தத்தோடு காற்றையும் உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கின்றன. யாரோ வேக்குவத்தை நிறுத்திவிட்டு, காற்றுப்போக்கியான வெண்ட் மூடியைத் திறக்க மறந்தால் உள்ளே அழுத்தம் ஏறும். ஏறிய அழுத்தம் வெயின் லைன் வழியாகப் பின்னோக்கிக் காற்றைத் திறந்த இதயத்துக்கு அனுப்பும். அழுத்தம் விடும் வால்வும் கண்ணெதிரே ஒரு பிரஷர் மீட்டரும் இல்லாமல் வேக்குவம் பக்கமே போகக்கூடாது. அடுத்தது, ஆர்டீரியல் பம்ப் நின்றிருக்கும்போது ரத்த மாதிரி எடுக்கும் சாம்பிள் லைனோ ஃபில்டரின் காற்றை வெளியேற்றும் பர்ஜ் லைனோ திறந்திருந்தால், வேக்குவம் அந்த வழியாக ஆக்சிஜனேட்டரின் ரத்தப் பக்கத்தையே உறிஞ்சும். ஃபைபரின் நுண்துளைகள் வழியே வாயு ரத்தத்துக்குள் வரும். பம்ப் நின்றால் கை முதலில் போகவேண்டியது அந்தச் சின்ன கிளாம்ப்புகளுக்கு. கேனுலாவைச் சுற்றிச் சுருக்குப்பை முடிச்சு தளர்ந்து காற்று கசிந்தால், சைஃபனில் குழாய் அடைத்துக்கொண்டு தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். வேக்குவத்தில் அப்படி இல்லை. சத்தமில்லாமல் இழுத்துக்கொண்டே இருக்கும், நுண்குமிழிகள் தாழ்ந்த மட்டத்து ரிசர்வாயரைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும்.

பின்வாசல்

சர்க்யூட் 89 மில்லிக்கு வந்த பிறகு குழாயில் மேலும் குறைக்க அதிகம் மிச்சமில்லை என்பது என் கட்சி. அதற்குப் பிறகு பார்க்கவேண்டியது பின்வாசல் வழியாக எவ்வளவு வருகிறது என்பதை. இதயத்தை நிறுத்தும் டெல் நிடோ கார்டியோபிளீஜியா என்ற மருந்துக் கலவை கிலோவுக்கு 20 மில்லி. நாலு பங்கு திரவத்துக்கு ஒரு பங்கு ரத்தம். 3 கிலோவுக்கு 60 மில்லி, அதில் 48 வெறும் திரவம். சர்க்யூட்டில் பாதிக்கு மேல் இன்னொரு சர்க்யூட் ஒரே தவணையில் உள்ளே போகிறது. எல்லாம் ரிசர்வாயருக்குத் திரும்பினால் 33-இல் இருந்த ஹிமாடோக்ரிட் 29 ஆகும். இதயத்தின் வலது மேலறையான வலது ஏட்ரியம் திறந்திருந்தால் அங்கே வந்து கொட்டுவதைச் சுவர் சக்‌ஷனில் இழுத்து வெளியேற்றலாம், ஆனால் அதோடு குழந்தையின் 12 மில்லி ரத்தமும் போகும். ஹீமோஃபில்டரில் பிழிந்தெடுக்கலாம், ஆனால் ஃபில்டருக்கும் அதன் குழாய்களுக்கும் தனிப் பிரைம் உண்டு. ரத்தத்தை அப்படியே எடுத்து, பொட்டாசியத்தை மட்டும் சிரிஞ்ச் பம்ப்பில் சில மில்லி கலந்து கொடுக்கும் முறையில் தண்ணீரே சேராது; பதிலுக்கு 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை கையை நிறுத்தி மறுபடி கொடுக்க வேண்டும். டெல் நிடோ ஒரு தவணையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிம்மதி தரும். எதைத் தேர்ந்தாலும், அந்தத் தேர்வு 31-ஆ 43-ஆ என்பதைவிடப் பெரியது.

பைபாஸுக்கு முன் மயக்க மருந்துக் குழு அழுத்தம் இறங்கியதென்று கிலோவுக்கு 10 மில்லி திரவம் கொடுத்தால் 30 மில்லி, சர்க்யூட்டில் மூன்றில் ஒரு பங்கு. அழுத்தம் அளக்கும் ஒவ்வொரு லைனும் மணிக்கு 3 மில்லி ஃப்ளஷ் விடும். ரத்த வாயுப் பரிசோதனையான பிளட் கேஸுக்கு 1 மில்லி எடுக்கும்போது லைனில் தேங்கியதை எறிந்தால் அதுவும் இழப்புதான், திருப்பிச் செலுத்த வேண்டும். மேசையில் நெஞ்சைக் கழுவும் சலைனைச் சக்கர் இழுத்துக்கொண்டால் அது நேரே ரிசர்வாயருக்கு. இவை ஒவ்வொன்றும் வேறு வேறு ஆட்களின் கையில் இருக்கின்றன. குறைந்த பிரைம் கையேட்டில் இவர்கள் யாரும் இல்லை.

பிறர் ரத்தமே இல்லாத அறுவை என்பதையும் சற்று நிதானமாகவே சொல்ல வேண்டும். 89 மில்லியில் சிவப்பணு தப்பிக்கலாம், ரத்தம் உறைய வேண்டிய ஃபைப்ரினோஜனும் பிளேட்லெட்டும்கூட அதே விகிதத்தில் நீர்த்துத்தான் போகின்றன. நீண்ட அறுவைக்குப் பின் தையல் கசிந்தால் பிளேட்லெட் ஏறும், பிளாஸ்மா ஏறும். பம்ப்பில் ரத்தம் சேர்க்கவில்லை என்பதும் ஆஸ்பத்திரியில் சேர்க்கவே இல்லை என்பதும் ஒன்றல்ல.

பைபாஸ் முடிந்ததும் லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையில் நாயக்கும் எலியட்டும் 1991-இல் அறிமுகப்படுத்திய மாடிஃபைடு அல்ட்ராஃபில்ட்ரேஷன் பல இடங்களில் வழக்கம்: பெருந்தமனியான அயோர்ட்டாவின் கேனுலாவிலிருந்து ரத்தத்தைப் பின்னோக்கி எடுத்து, ஃபில்டரில் நீரைப் பிழிந்து, வலது ஏட்ரியத்துக்குத் திருப்புவது, 10 முதல் 15 நிமிடம். 400 மில்லி சர்க்யூட் காலத்தில் அது உயிர்காத்த வித்தை. 89 மில்லியில், பைபாஸ் நடக்கும்போதே வடிகட்டிக்கொண்டிருந்தால், அதற்காகக் கூடுதல் குழாய் மாட்டி, குழந்தையைக் குளிரவிட்டு, அயோர்ட்டாவிலிருந்து காற்றை இழுக்கும் அபாயத்தையும் சேர்த்துக்கொள்வது எனக்கு லாபமாகப் படவில்லை. வேறு அபிப்பிராயம் உள்ளவர்கள் நிறையப் பேர்.

அதைவிட, குழாயில் மிச்சமிருப்பதைத் திருப்பித் தருவதில் கவனம் போகலாம். அந்த 89 மில்லிக்குள் நிற்பது குழந்தையின் சிவப்பணுக்களில் கால் பங்கு. வெயின் லைனைக் கேனுலாப் பக்கத்திலிருந்து உயர்த்தி, கைமாற்றிக் கைமாற்றி ரிசர்வாயர் பக்கம் வழித்துக்கொண்டு போனால் 9 மில்லி வந்துவிடும். ரிசர்வாயர் அடிமட்டம் தொடும் முன் தெளிந்த திரவத்தைச் சிறிது விட்டு, ஏட்ரிய அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டே, பத்து மில்லி பத்து மில்லியாக ஆர்டீரியல் லைன் வழியே தள்ளுவார்கள். பம்ப்புத் துண்டு முதலில் வெளுக்கும். ஆக்சிஜனேட்டர் மட்டும் லேசில் வெளுக்காது. ஃபைபர் இடுக்குகளில் சிவப்பு ஒட்டிக்கொண்டே நிற்கும், அதைக் கையால் வழிக்கவும் முடியாது. அதைத் துரத்த அதன் கொள்ளளவுக்கு மேலேயே திரவம் பின்னால் போகவேண்டும், அந்தத் திரவத்தில் ஒரு பங்கு ரத்தத்தோடு கலந்து குழந்தைக்கும் போகும். 31-க்கும் 43-க்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரிவது அப்போதுதான், ஆர்டீரியல் லைன் இளஞ்சிவப்பாக மாறுவதைப் பார்த்து எந்த நொடியில் கிளாம்ப் போடுவது என்று கை தயங்கும்போது.